விளக்குக்குள் அம்மாவின் எக்ஸ்ரே

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நன்றாக இருக்க வேண்டும். உன் எண்ணுக்கு அழைத்தால் மணி அடித்து அடித்து நின்றுவிடுகிறது. அதனால்தான் ஆபீஸ் முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன். கோபத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கடைசிவரை படித்துவிடு. அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

அம்மாவின் வலது நுரையீரலில் ஒரு புள்ளி இருக்கிறது. பட்டாணி அளவு. இருமல் நிற்கவில்லையே என்று பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். "இது பழைய தழும்பா, புதுசா வளர்றதான்னு தெரியலம்மா. பழைய எக்ஸ்ரே இருந்தா கொண்டு வாங்க. அதுலயும் இதே அளவுல இருந்துச்சுன்னா விட்டுடலாம். இல்லன்னா நெஞ்சைத் திறந்துதான் பாக்கணும்" என்றார் டாக்டர். திறந்தால் அம்மாவின் இதயம் தாங்குமா என்று கேட்டேன். உறுதி சொல்ல முடியாது என்றார். வருகிற வியாழக்கிழமை ஆபரேஷன்.

பழைய எக்ஸ்ரே ஒன்று இருக்கத்தான் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் இலவச முகாமில் எடுத்துக் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். வீட்டையே புரட்டிப்போட்டுத் தேடினேன். அம்மா தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. கேசட் நாடாவையும் பால் பாக்கெட் கீற்றுகளையும் கலந்து யாருக்கோ திரைச்சீலை நெய்துகொண்டிருந்தாள். "எதைடி அப்படித் தேடுற? அதை நான் அப்பவே விளக்குல வெச்சுத் தெச்சுட்டேனே" என்றாள்.

பழைய பேப்பர் கடையிலிருந்து எக்ஸ்ரே படங்களை வாங்கி விளக்குக்கு மறைப்பாகத் தைப்பாளே, அந்தத் தடவை ஐந்துதான் தேறியதாம். விளக்குக்கு ஆறு பக்கம். "நான்தான் எங்கயும் போகல, என் எலும்பாவது நாலு ஊர் பாக்கட்டும்னு வெச்சேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு அழக்கூட வரவில்லை.

அம்மாவின் விளக்குகளை விற்றுக்கொடுக்கும் கைவினைக் கடைக்காரரிடம் ஓடினேன். அவருக்கு நினைவிருந்தது. நீ இருக்கும் ஊரில், ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஹோட்டல்காரர் வாங்கிப்போனாராம். மாடிப்படி திரும்பும் இடத்தில் தொங்குகிறதாம். அங்கே போன் செய்தேன். "எலும்பு விளக்கா? அது முன்னாடி நின்னு போட்டோ எடுக்கவே ஆளுங்க வராங்கம்மா. பிரிச்சுக் குடுன்னா எப்படி?" என்றார் மேனேஜர். நன்றி சார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எதற்கு நன்றி என்று இன்னும் தெரியவில்லை. "காலேஜ் படிச்ச வாயாடி இது" என்று அம்மா கேலி செய்தாள். உன்னிடம் சொல்லலாமா என்று கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "அவன்கிட்ட மட்டும் போய் நிக்காதே" என்றாள்.

உன் மாமனார் வந்த அன்று, இந்தப் படங்களை எல்லாம் கட்டிலுக்கடியில் தள்ளச் சொன்னாய். அம்மா தள்ளவில்லை. அன்றைக்கு நின்றதுதான் உங்கள் பேச்சு. யார் பக்கம் நியாயம் என்று பேச எனக்கு இப்போது தெம்பில்லை. நேற்று அம்மாவை வார்டில் சேர்த்தாயிற்று. கூட நான் மட்டும்தான். இரண்டு நாள் விட்டுவிட்டு உன் ஊருக்கு வர முடியாது.

இன்றே போ. கெஞ்சினாலும் சரி, சண்டை போட்டாலும் சரி. அந்தப் பக்கத்துக்கு வேறு படம் நான் தைத்துத் தருகிறேன் என்று சொல். பெயர் இருக்கும் மூலையை அம்மா வெட்டிவிடுவாள், பெயரைத் தேடாதே. ஆறு பக்கத்திலும் கழுத்துக்குக் கீழே இருக்கும் இடது காறை எலும்பைப் பார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது, உன்னைக் கீழே விடாமல் படியில் விழுந்து உடைத்துக்கொண்டாளே, அது கோணலாகத்தான் கூடியது. அது அம்மா.

பிரிப்பதற்கு முன், பல்பு எரியும்போதே வலது பக்கம், அதாவது அந்தக் கோணல் எலும்புக்கு எதிர்ப் பக்கம், நான்காவது விலா எலும்புக்குக் கீழே பார். வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? விரலால் தடவிப் பார்த்துவிடு. தைக்கும்போது ஊசி தவறிக் குத்திய துளையும் வெளிச்சத்தில் அப்படித்தான் தெரியும். விரலில் தட்டினால் துளை. தட்டாவிட்டால் புள்ளி.

வார்டில் எல்லோரும் நோய் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறார்கள். நான் மட்டும் அந்தப் புள்ளி அன்றைக்கே இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன். நீயும் வேண்டிக்கொள்.

புள்ளி இருந்தால் படத்தை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, அன்றைக்கே கூரியரில் அனுப்பிவிடு. போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் டாக்டருக்குப் போதாதாம்.

இல்லை என்றால் எதையும் அனுப்பாதே அண்ணா. வியாழக்கிழமைக்குள் நீயே வந்துவிடு.

உன் வரவையோ தபாலையோ பார்த்தபடி,
தங்கை