சட்டி இடித்த உத்தரம்

செவ்வாய்க்கிழமை, ஆவணி 17

கரியாலூரில் மகள் செல்வி ஒரு குடும்பத்துக்குக் கட்டிக்கொடுக்கும் வீட்டைப் பார்க்கப் போய், அப்போதுதான் பூசின தரையில் செருப்போடு கால் வைத்துவிட்டேன். மேஸ்திரி, "மொத கிரகப்பிரவேசம் சாரோடதுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மச்சான் சென்னையில் அவளுக்கு ஓர் ஆபீஸ் வேலை பார்த்து வைத்திருக்கிறார். கையோடு கூட்டிவரத்தான் மலை ஏறினேன். ஆர்க்கிடெக்ட் படித்தவள் சித்தாளுங்களோடு கலவைச் சட்டி சுமந்துகினு நிற்கிறாள்.

"படம் போடத்தானே படிச்சே? இது இன்னாத்துக்கு உனக்கு?" என்றேன்.

"வாப்பா, காட்றேன்" என்று சட்டியோடு மாடிப்படி ஏறினாள். மேலே உத்தரத்துக்குப் பலகை அடித்திருந்தது. சட்டி அதில் டங்கென்று இடித்தது. பின்னாலேயே வெறுந்தலையோடு ஏறின எனக்கு இடிக்கவில்லை.

"படத்துல சரியாத்தான்பா இருந்துச்சு. இந்த வூட்டுக்காரங்க சாமை மூட்டையத் தலையில வச்சிக்கினு மாடிக்குக் காயவைக்க ஏறுவாங்க. அது நேத்து நான் சட்டி தூக்கினப்பதான் உறைச்சுது."

நாளை கான்கிரீட் போடுகிறார்கள். உத்தரத்தை இரண்டு படி தள்ளி அடிக்கச் சொன்னாள். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே பலகையைப் பிரித்தார். "நாளான்னிக்கு சொல்லியிருந்தா உடைச்சிருக்கணும் சார்" என்று என்னிடம் சொன்னார்.

கிளம்பும்போது, "இன்னாப்பா விஷயமா வந்தே?" என்று கேட்டாள். சும்மா காற்று வாங்க என்றேன்.

'துணிமணிய எடுத்து வை, வூட்டுக்குப் போலாம்.' பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனது இது ஒன்றைத்தான்.