கோமதியின் ஜப்பான் வகுப்பு

2003 மே 5, திங்கள்

கத்திரி வெயில். மண்டியில் தகரம் காய்ந்து உள்ளே நிற்க முடியவில்லை. வேர்க்கடலை வரத்து குறைவு. பெருநகர் கிராமத்து மூட்டை ஈரம், திருப்பி அனுப்பினேன்.

மதியம் மகள் கோமதி சாப்பாடு கொண்டுவந்தாள். அவளுக்குக் காஞ்சிபுரம் காலேஜில் இரண்டாம் வருஷம் முடிந்துவிட்டது. ஜப்பான் பாஷை படிக்கவேண்டுமாம். மெட்ராஸில் ஞாயிறுதோறும் வகுப்பு, 18-ந் தேதி ஆரம்பம். டிகிரி வரும்போது பாஷையில் முதல் பரீட்சையும் முடிந்துவிடும், பிறகு கம்பெனி வேலை. எந்த பஸ், எங்கே மாறுவது, எல்லாம் யோசித்து வைத்திருக்கிறாள்.

"நைனா, இன்னா சொல்றீங்க?"

"பாக்கலாம்."

கொள்முதலுக்குப் போனவன் சரக்கைப் பார்த்ததும் பல்லைக் காட்டக் கூடாது. எனக்குப் பிடித்திருந்தது.

மே 8, வியாழன்

எண்ணெய் ஆலை வேலையாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம். வேலை முடிந்து, ஜப்பான்காரர் ஃபேக்டரி எதிரே டீக்கடையில் விசாரணை. வேன் டிரைவர் ஒருவன் சொன்னான்:

"பாஷை தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு கீது உள்ள. மேனேஜர் எம்மாம் கத்தினாலும் அது தமிழ்ல சொன்னாதான் நமக்குத் திட்டு வந்து சேரும். பாதிய முழுங்கிடும். நல்ல பொண்ணு."

கிராக்கி உண்டு. அனுப்புவது என்று முடிவு. அவளிடம் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்கட்டும். எவ்வளவு பிடிவாதம் என்று தெரியவேண்டும். பாதியில் விடக் கூடாது.

வீட்டுக்கு வந்தால் மைத்துனன். கோமதிக்கு மாகறல் வரனாம். நிலம், பம்புசெட், ஒரே பையன். மனைவி: "வந்து பாத்துட்டுத்தான் போவட்டுமே. பாத்தா இன்னா கொறைஞ்சிடும்?"

சரி என்றேன். மண்டியில் தினம் எத்தனை பேர் கடலையை அள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போடுகிறார்கள்.

மே 11, ஞாயிறு

வந்தார்கள். ஒரு வேன் நிறைய. கையோடு நிச்சயத்துக்கு வெற்றிலைத் தட்டு. அது எனக்குத் தெரியாது. மைத்துனன் ஏற்பாடு.

கோமதி காபி கொடுத்துவிட்டு நின்றாள். பையனின் பெரியப்பா: "இன்னாம்மா, சம்மதந்தானே? வாய் வுட்டுச் சொல்லு."

என்னைப் பார்த்தாள். படிக்கணும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மரியாதையாகத் தள்ளிப்போடலாம். காத்திருந்தேன்.

"நைனாவுக்கு சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் யோசிப்பதற்குள் மைத்துனன் தட்டை என் கையில் வைத்துவிட்டான். வாங்கிக்கொண்டேன். வியாபாரத்தில்கூட ஒப்புக்கொண்டு வாங்கிய வெற்றிலையை நான் திருப்பியதில்லை. அந்தப் பெயருக்குத்தான் பழையசீவரம் வரைக்கும் சீட்டு எழுதாமல் எனக்கு மூட்டை ஏற்றுகிறார்கள்.

ஆனி முதல் வாரம் கல்யாணம். கேசரி மிஞ்சியது.

மே 13, செவ்வாய்

பீரோ கதவின் உட்பக்கம் ஜப்பான் எழுத்துகளை வரைந்து ஒட்டியிருந்தாள். இன்று இல்லை. பசைக்கறை மட்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வகுப்புக்கு விடுவார்களா என்று மைத்துனனைக் கேட்டேன்.

"டிகிரிய எழுதி முடிக்கட்டும், மாமா. ஜப்பான் பாஷைலாம் எதுக்கு, மாட்டுக்கிட்ட பேசறதுக்கா?"

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நானும். கோமதி அரிசி களைந்துகொண்டிருந்தாள். 

மே 18, ஞாயிறு

விடிகாலை. மெட்ராஸ் பஸ் ஹாரன். மேகம் இருக்கிறது, மழை இல்லை. பந்தல்காரர் வந்து வாசலை அளந்துகொண்டிருந்தார்.

கோமதி காபி கொண்டுவந்தாள். கேட்டுவிட்டேன்.

"அன்னிக்குப் படிக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனேம்மா. அனுப்பறதாத்தான் இருந்தேன்."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு நின்றாள்.

"நீங்க ஆரம்பிப்பீங்கன்னு நின்னுக்கினு இருந்தேன், நைனா. சின்ன வயசுலேர்ந்து மண்டியில பாக்கறேனே. மொதல்ல வாய் தொறக்கறவனுக்குத்தான் நஷ்டம்னு நீங்கதானே சொல்வீங்க."

உள்ளே போய்விட்டாள்.

பந்தல் தெரு முழுக்கவா, வாசல் மட்டுமா என்று வெளியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார் பந்தல்காரர்.