கால்வெட்டி வகையறா

கல்லல்,
ஆங்கீரச வருஷம், ஆவணி 29

அன்புள்ள சோணைமுத்து அவர்களுக்கு மாயக்கண்ணன் எழுதிக்கொண்டது.

'சம்பந்தி' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்றுப் பரிசம் போட வந்த நீங்கள் கை நனைக்காமல் எழுந்து போனதை நினைத்தால் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. என் வீட்டுக்காரி ராக்காயி ஆக்கி வைத்ததையெல்லாம் மாட்டுத் தொட்டியில் கொட்டிவிட்டு அழுதாள்.

உங்கள் அத்தை அக்கம்மாள் மேல் எனக்கு வருத்தமில்லை. பஞ்சம் பிழைக்க வந்த குடும்பம், வகையறா தெரியாது என்று நீங்கள் என்னிடம் முன்பே சொன்னீர்கள். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால் எங்கள் பெரியப்பா சபையில் கேட்டதும் அத்தைதான் தலையை நிமிர்த்தி, "ஏன் தெரியாது? நாங்க கால்வெட்டி வகையறா" என்றார்கள். இந்தச் சீமையில் எங்களைத் தவிர அந்தப் பெயர் யாருக்கும் கிடையாதே! வகையறா ஒன்று என்றால் நீங்களும் நானும் பங்காளிகள். உங்கள் ஆசைத்தம்பியும் என் சின்னக்கண்ணுவும் அண்ணன் தங்கை முறை. பெரியப்பா தட்டை எடுக்கச் சொன்னதில் தப்பில்லை.

எங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் கண்மாயிலிருந்து மேட்டு வயலுக்குக் கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தவர். அதனால் வந்த பெயர். அவர் வம்சத்தில் யாரும் தெற்கே போனதாகக் கேள்வியில்லை. போகவில்லை என்று அடித்துச் சொல்லவும் ஆளில்லை. உங்கள் பூர்வீகம் எது என்று தேடிப் பாருங்கள். வேறு வழியில் வந்த பெயர் என்று தெரிந்தால் பெரியப்பாவை நான் சம்மதிக்க வைக்கிறேன். தை முடியும்வரை பெண்ணை வேறு யாருக்கும் பேசமாட்டேன். இது என் வாக்கு.

இப்படிக்கு,
மாயக்கண்ணன்

*

காரைக்குடி,
புரட்டாசி 8

அன்பு மிகுந்த மாயக்கண்ணன் அவர்களுக்கு,

உங்கள் காகிதத்தை ஸ்டேஷனிலேயே நின்று படித்தேன். அத்தை அன்று வந்ததிலிருந்து மூலையில் படுத்திருக்கிறது. "பிச்சைக்காரப் பயலுகன்னு நெனைச்சிறக் கூடாதேன்னு சொன்னேன்டா. அந்தப் பேரு ஒண்ணுதானே நம்ம கையோட வந்துச்சு" என்று புலம்புகிறது.

தாது வருஷப் பஞ்சத்தில் தன் அப்பா தோளில் உட்கார்ந்து வந்த பிள்ளை அது. ஊர்ப் பெயர் நினைவில்லை. கரிசல் மண், வழியில் வைகையைத் தாண்டினார்கள், அவ்வளவுதான் சொல்கிறது. பரமக்குடிக்குத் தெற்கே ஊர் ஊராக விசாரிக்க வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் மார்கழியில்தான் லீவு தருவேன் என்கிறார். போர்ட்டர் வேலையில் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

ஆசைத்தம்பியிடம், வேறு இடம் பார்க்கட்டுமா என்றேன். "இருக்கட்டும்ப்பா" என்று எழுந்து போய்விட்டான். நீங்கள் கொடுத்த வாக்கை நம்பியிருக்கிறேன்.

உங்கள்,
சோணைமுத்து

*

கல்லல்,
மார்கழி 25

அன்புள்ள சோணைமுத்து அவர்களுக்கு,

நீங்கள் தெற்கே புறப்பட்டுப் போனதாக ரயிலில் வந்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் வந்ததும் படிக்க இதை வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். சீக்கிரம் ஒரு வரி போடுங்கள். இங்கே ஊர் வாய் சும்மா இல்லை. அண்ணனிடமே பரிசம் வாங்கப் பார்த்தவர்கள் என்று கிணற்றடியில் ராக்காயி காதுபடவே சொல்கிறார்கள். இளையாத்தங்குடிப் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. தாரம் இழந்தவர், இரண்டு குழந்தைகள். பெரியப்பா பிடியாய் நிற்கிறார்.

சின்னக்கண்ணுவிடம் கேட்டேன். "தை முடியட்டும்ப்பா. அதுக்குள்ள சேதி வரலைன்னா அவுகளை அண்ணன்னே நெனைச்சுக்கிறேன். இப்பவே நெனைச்சுப் பழகிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். எந்தத் தகப்பன் இதைக் கேட்டுக்கொண்டு நிற்பான்?

மாயக்கண்ணன்

*

முதுகுளத்தூர் பக்கமிருந்து,
தை 24

என் அன்புச் சம்பந்திக்கு,

ஆமாம், சம்பந்தி என்றே எழுதுகிறேன். அடிக்கமாட்டேன்.

அலைந்த அலைச்சலில் குளிர்காய்ச்சல் கண்டு, பெயர் தெரியாத ஒரு வீட்டில் கிடந்தேன். நல்ல மனுஷர்கள், கஞ்சி ஊற்றிக் காப்பாற்றினார்கள். காகிதம் எழுதக் கை நிற்கவில்லை. எழுதித் தரவும் அங்கே ஆளில்லை. எழுந்து நடமாடி, இரண்டு ஊர் தள்ளி வந்து விசாரித்தால், ஒரு கிழவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "பஞ்சத்துல வடக்கே போன கால்வெட்டி வீட்டுப் புள்ளையா நீ?" என்றார்.

எங்கள் முன்னோர் ஒருவர் களத்துக் காவலில் இருந்தபோது, மாடு திருட வந்தவன் என்று ஒருவனைக் காலில் வெட்டிவிட்டார். அவன் திருடன் இல்லை. காணாமல்போன தன் மாட்டைத் தேடி வந்த அயலூர்க்காரன். ரத்தம் நிற்காமல் களத்திலேயே செத்துப்போனான். அவனைத்தான் இங்கே நொண்டிக் கருப்பு என்று எங்கள் ஆட்கள் கும்பிடுகிறார்கள். ஊர் வைத்த பழிப்பெயர்தான் எங்கள் வகையறாப் பெயர். அத்தை ஏதோ பட்டம் என்று இத்தனை காலம் பொத்தி வைத்திருந்தது.

உங்கள் கால் தண்ணீர் ஓடுகிற கால். எங்கள் கால் மனுஷன் கால். உங்கள் குலசாமி ஐயனார், எங்களுக்குக் கருப்பு. நமக்குள் பங்காளி முறையே இல்லை! ஒரு பழியைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கிழவரும் உங்கள் பெரியப்பாவிடம் சொல்ல என்னோடு வருகிறார். தங்கச்சி ராக்காயியிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

உங்கள் சம்பந்தி,
சோணைமுத்து

*

கல்லல்,
மாசி 1

சோணைமுத்து அவர்களுக்கு,

கிழவரை அழைத்து வர வேண்டாம். தை இருபதாம் தேதி சின்னக்கண்ணுவுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

தை முடியவில்லைதான். உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை. அந்த முகூர்த்தத்தை விட்டால் வரன் கை நழுவும் என்றார்கள். எல்லோரும் பேசப் பேச நான் தலையை ஆட்டிவிட்டேன். கொடுத்த வாக்கை நானே தின்றுவிட்டேன்.

இதைவிடப் பெரிய தப்பும் செய்தேன். உங்கள் காகிதம் வந்த அன்று அவள் மறுவீட்டுக்கு வந்திருந்தாள். "காரைக்குடிக் காயிதமாப்பா?" என்று கேட்டாள். மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். பிறகு, "அப்ப அவுக எனக்கு அண்ணன் இல்லையா? அண்ணன், அண்ணன்னு சொல்லித்தானேப்பா இந்த மனசைக் கட்டி வச்சேன். இதை ஏன் எங்கிட்ட சொன்னீக?" என்றாள். அழக்கூட இல்லை. மாப்பிள்ளை கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டாள்.

உங்கள் பிள்ளையிடமாவது சொல்லாதிருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

மாயக்கண்ணன்

*

காரைக்குடி,
மாசி 9

அன்புள்ள அண்ணன் மாயக்கண்ணன் அவர்களுக்கு,

பரமக்குடி ஸ்டேஷனில் கல்லல் ஆள் ஒருவர் கல்யாணச் செய்தியைச் சொன்னார். கிழவரை அங்கிருந்தே திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் அங்கேயே சத்திரத்தில் உட்கார்ந்திருந்து, பிறகுதான் வீடு வந்தேன் என்பதால் உங்கள் காகிதம் எனக்கு முன்பே வந்து காத்திருந்தது.

கிழவரோடு பேசியதில், உங்கள் ஊரிலிருந்து தெற்கே போனவர்கள் வழியில் வந்தவர்கள்தான் நாங்கள் என்று தெரிந்ததாக வீட்டில் பொய் சொன்னேன். அத்தைக்கும் அப்படியே. அது தன் பெயரைப் பட்டம் என்றே நினைத்துக்கொண்டு கண்ணை மூடட்டும். ஆசைத்தம்பி கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினான்.

கல்யாணச் செய்தி அவனுக்கு ஸ்டேஷனிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேற்று ஒரு பித்தளைக் குடம் வாங்கி வந்து என் முன்னால் வைத்தான். "அண்ணன் முறைக்கு நாம ஒண்ணும் செய்யலையேப்பா. தங்கச்சிக்கு இதைக் குடுத்து விடுங்க" என்றான். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான்.

நாளைக் காலை வண்டியில் குடம் வரும். யார் கொடுத்தது என்று அவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னால் அவள் என்ன படுவாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், அண்ணே.

உங்கள் தம்பி,
சோணைமுத்து