பேழையில் ஏறாதவள்

லாசால், மொன்றியல்
09.11.2024

அன்புள்ள கௌரிக்கு,

எமது முதியோர் சங்கம் மூன்று கூட்டங்கள் நடத்தி, ஒரு வெளிநடப்பையும் தாங்கி, நோவாவின் பேழையைப் பலகைக்குப் பதிலாக மட்டைப் பெட்டிகளால் கட்டுவதெனத் தீர்மானித்தது. தலைவர் கணேசலிங்கம் அண்ணை எழுந்து நின்று கையொப்பமிட்டார். ஜான்-டலோன் சந்தையில் வேலை செய்யும் அன்டன் பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஆகவே உலகத்தைக் காத்த கப்பலின் பக்கவாட்டில் சலாட் என்று பிரெஞ்சில் எழுதியிருந்தது.

நான் நலம். உமக்கு விசா வந்து ஏழு மாதமாகிறது. இது மூன்றாவது தடவை. வருவதா இல்லையா என்று நீர் இன்னும் சொல்லவில்லை.

இந்தப் பேழை நாடகம் அன்டனின் மகள் ஷெரோனின் ஏற்பாடு. பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கில வேத நாடகங்களைப் படிக்கிறாள். அறுநூறு வருடங்களுக்கு முன் அந்த ஊர்களில் ஒவ்வொரு தொழிற்சங்கமும் வேதத்தில் ஒரு துண்டை எடுத்து, வண்டிமேல் ஏறித் தெருத்தெருவாக நடித்ததாம். கப்பல் கட்டுபவர்களுக்குப் பேழை, பாண் போடுபவர்களுக்கு யேசுவின் கடைசி இராப்போசனம். நான் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன் என்பதால் வெள்ளம் எனக்குப் பொருத்தம் என்றாள். பெண் வேடத்தையும் ஆண்களே போட்டார்களாம். அப்படித்தான் நான் நோவாவின் மனைவியானேன். அண்ணையின் மனைவி ஒரு பச்சைச் சேலை தந்தார். சங்கத்தில் அன்டனைத் தவிர எல்லோரும் சைவர்கள் என்பதால் நோவா அவர்தான்.

அந்த நாடகங்களில் நோவாவின் மனைவி சொற்கேளாதவள். மழை பிடித்த பிறகும் ஊர்ச் சினேகிதிகளை விட்டு வரமாட்டேன் என்று குந்தியிருப்பாள். பிள்ளைகள் தூக்கி ஏற்றுவார்கள். புருசனின் கன்னத்தில் ஓர் அறை கொடுத்துவிட்டு அடங்குவாள். கடவுளுக்கு மனிதன் அடங்குவதுபோலப் புருசனுக்கு மனைவி அடங்கவேண்டும் என்பது படிப்பினை. அது எனக்குப் பிடித்திருந்தது. பன்னிரண்டு வருடமாகத் தொலைபேசியில் நான் உமக்குச் சொல்லிவந்ததும் அதைத்தான். வண்டி மட்டும் இருக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை மேடையில் அன்டன் தாடியோடு வந்து, வெள்ளம் வருது, எழும்பும் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். நான் எழும்பவில்லை. மறுபடி இழுத்தார். எனக்குத் தந்த வசனம் சினேகிதிகளைப் பற்றியது. வாயில் வந்தது உம்முடையது.

"பிள்ளை வந்து கதவைத் தட்டினால் ஆர் திறக்கிறது?"

சனம் சிரித்தது. பிறகு நிறுத்திவிட்டது. மூன்று பிள்ளையளும் ஏறிட்டினம் மாமா என்று ஷெரோன் திரைக்குப் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னாள். சரிதான், வேதத்தில் எல்லோரும் ஏறிவிட்டார்கள். அன்டன் கையை விட்டார். நான் இல்லாமலே பேழை போனது. இது வேதத்துக்கு முரண் என்று கூட்டக் குறிப்பில் பதியும்படி அண்ணை பணித்தார்.

2009 வைகாசியில் எங்கள் பிள்ளை வசீகரனின் பெயரைச் சொல்லி ஆமிக்காரரிடம் ஒப்படைத்தவன் நான். அவன் பேருந்தில் ஏறும்போது பக்கத்தில் நின்றவனும் நான். அடுத்த வருடம் கப்பல் ஏறியவனும் நான். அவனுக்குத் தெரிந்த விலாசம் அந்த வீடு ஒன்றுதான் என்று நீர் அங்கேயே இருக்கிறீர். இனி அவன் வரமாட்டான் என்று கடந்த ஆடியில் நான் சொன்ன நாளிலிருந்து நீர் என்னோடு கதைப்பதில்லை. அதனால்தான் கடிதம்.

முன் கேற்றுக்கு எண்ணெய் விடும். சுவருக்குப் பெயின்ட் அடிப்பதானால் பழைய நிறத்தையே அடியும். கதவு மணி பழுதென்றால் காசு அனுப்புகிறேன். அங்கே மாரி தொடங்கியிருக்கும், நனையவேண்டாம். கடவுள் உமக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
ஞானேந்திரன்

பி.கு.: உமது விசா இம்மாதம் பதினெட்டாம் திகதியோடு முடிகிறது. கடிதம் வந்துசேர மூன்று கிழமை ஆகும் என்று தபாற்கந்தோரில் சொன்னார்கள்.