நடுவில் அதிரும் ஷாஃப்ட்

புதன், இரவு.

1. ஷாஃப்ட் ஏன் அதிர்ந்தது. 2. குமாரின் கை. 3. என் பேச்சை யாரும் கேட்பதில்லை.

தங்கை மகன் குமார் பாகூரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறான். இன்று நீளமான பம்பு ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்தான். உளி ஓரத்தில் வெட்டும்போது சத்தமில்லை. நடுவுக்கு நகர்ந்ததும், இரு முனைகளில் மட்டுமே பிடிமானம் இருந்ததால், சுழலும் ஷாஃப்ட் வளைந்து அதிர்ந்தது. அதை அடக்க, ஒரு மரக்கட்டையைக் கையால் அதன்மேல் அழுத்திப் பிடித்தான்.

"கை மாட்டிக்கும்பா. நடுவுல ஒரு தாங்கி வெச்சிக்கோயேன்," என்றேன், பயந்துகொண்டே.

"இன்னா மாமா, நீங்க பாடம் நடத்துற காலேஜ்னு நெனச்சீங்களா? தாங்கி மாட்ட ஏது நேரம்? குருவிநத்தத்துல இந்த பம்பு ஓடாம, தண்ணி இல்லாம நாத்து காயுது," என்று சிரித்தான். பார்க்க முடியாமல் வீடு திரும்பினேன்.

இதுவரை எழுதி முடித்தபோது அவன் மனைவி போன் செய்தாள். "நீங்க போனதும் தாங்கிய மாட்டிட்டாராம் மாமா. உங்களாண்ட சொல்லச் சொன்னாரு."

மூன்றாவது குறிப்பு தவறு.