வேரில் இனிப்பு தீரும்வரை

பிப்ரவரி 12, 2024
கொட்டகையில் இன்று மூன்றாவது அண்டா. அதிமதுர வேரை இடித்துக் கொதிக்கவைத்து, வடித்து, மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைக்க வேண்டும்; தண்ணீர் இனிக்காமல் போகும்வரை. ருசி பார்ப்பது சோலையம்மாள் அக்கா. ஏலக்காய்க் கடையில் இருபது வருடம் தரம் பிரித்தவள். என் எம்.எஸ்சி.யைவிட அவள் நாக்கு துல்லியம். சுண்டக் காய்ச்சிய பொடி சுகர்காரர்களுக்கு. கொட்டகையை நடத்தும் என் அண்ணன் ஹபீப் அதை அமிர்தம் என்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பிப்ரவரி 27
அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. மெட்டி இறுக்குகிறது. "நின்னுக்கிட்டே சோலி பாத்தா வீங்காதாத்தா?" என்று சிரித்தாள். நானும் விட்டுவிட்டேன்.

மார்ச் 4
அண்டாப் பக்கத்திலேயே விழுந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் இருநூறு. பொட்டாசியம் இறங்கிக் கிடக்கிறதாம். "என்ன சாப்பிட்டாங்க?" என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. அதிமதுரம் மிஞ்சினால் இதைத்தான் செய்யும். சொன்னேன். எழுதிக்கொண்டார்.

மாலையில் அக்காவிடம் கேட்டேன், எவ்வளவு குடித்தாய் என்று.

"வடிக்கிறப்பெல்லாம் அரை டம்ளரு. நீ குடுத்த சோலிதானத்தா."

ருசி பார் என்றேன். துப்பிவிடு என்று சொல்லவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகைதான் என்று வாங்குகிறவர்களுக்கு அட்டையில் அச்சடிக்கவைத்தவளும் நான்தான். காய்ச்சுகிறவளுக்கு? ஏன் வாயில வரல எனக்கு? என்னத்தப் படிச்சுக் கிழிச்சேன்?

மார்ச் 5
அண்ணன் கத்தினார். "அவ வயசுக்கு பிரஷர் வராதா? டாக்டர்கிட்ட எதையும் உளறி வைக்காத. ராசிங்காபுரத்துலேர்ந்து வேற ஆளு வர்றா."

வேற ஆளாம்! வேற நாக்கு!

"நேத்தே சொல்லிட்டேண்ணே."

"கூடப் பொறந்தவளா நீ?"

கொதித்துக்கொண்டிருந்த அண்டாவின் அடுப்பை அணைத்தேன். கொட்டகையைப் பூட்டினேன். சாவி என்னிடம்.

மார்ச் 6
அண்ணன் பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும்.

மார்ச் 19
அக்கா வீட்டுக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அவள் மகள் மகாராணி வாசலை மறித்து நின்றாள். "படிச்சவுகதானே நீங்க?"

உள்ளே அக்கா இருமும் சத்தம் கேட்டது. அவளும் என்னை உள்ளே கூப்பிடவில்லை. பழத்தை வாசலில் வைக்கவும் கூசியது. அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

ஆகஸ்ட் 3
காலையில் மலைக்கு ஏறும் ஜீப்பில், ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களோடு சோலையம்மாள் அக்கா. கால் வீக்கம் வடிந்திருந்தது; யார் கையையும் பிடிக்காமல் ஏறினாள். நான் கையை உயர்த்தினேன். பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள்.