நேற்று நீ மறுக்காத புலி

இவளே,

பல் டாக்டரிடம் போகிறேன், மிச்சமிருக்கிற நாலு பல்லைக் காட்டிவிட்டு வர. குழாய் ரிப்பேர்காரர் வந்தால் சமையலறைக் குழாயை மட்டும் பார்க்கச் சொல். சோறு மூடியிருக்கிறது, ஆறுவதற்குள் சாப்பிடு.

நேற்று மாப்பிள்ளையிடம், நம் கல்யாணத்தன்று வண்டியைப் புலி மறித்தது என்றேன். வழக்கமாக நீ, "புலியாவது புடலங்காயாவது! அது எங்க சித்தப்பா வளர்த்த பூனைங்க" என்று பாய்வாய். உடனே எனக்குச் சித்தப்பாவின் ஓட்டைக் குடை ஞாபகம் வரும். குடை என்றதும் உனக்கு அன்றைய மழை ஞாபகம் வரும். இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் ஆளுக்குப் பாதியாக அந்த நாளைத் திரும்பக் கொண்டுவருவோம். நேற்று நீ "ஆமாங்க, பெரிய புலி" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாய். ராத்திரி முழுக்க எனக்குப் புலி மட்டும்தான் துணை.

உன் குறட்டையை மாப்பிள்ளையிடம் சொன்னதற்குக் கோபமா? அப்படியென்றால் சந்தோஷம். வந்ததும் காலில் விழுகிறேன், தூக்கிவிட நீதான் வரவேண்டும்.

ஓரத்தில் நுணுக்கி எழுதுகிறேன், கண்ணாடி போட்டுக்கொண்டு படி: கோபமில்லை, பூனை நிஜமாகவே மறந்துவிட்டது என்றால் மறைக்காமல் சொல். இனிமேல் நான் நடந்ததை நடந்தபடியே சொல்லப் பழகிக்கொள்கிறேன். இந்த வயதில் கஷ்டம்தான். உனக்காகச் செய்கிறேன்.